காயப்போடும்போது வெள்ளை, எடுக்கும்போது சிவப்பு

செடி விற்கிற தொழிலில் ஒரு விதி உண்டு: செத்தால் அது நர்சரிக்காரி கொடுத்த செடி, பூத்தால் அது வாங்கிப் போனவர் கைராசி. பதினொரு வருஷமாக இந்த விதிக்குக் கீழேதான் படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலைப் பக்கம் கடை நடத்துகிறேன். அதற்கு முன்னால் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் நின்று சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். 'நர்சரி' என்று பலகை மாட்டிய முதல் வாரமே ஒரு தம்பதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்.கே.ஜி. அட்மிஷன் கேட்டார்கள். போகும்போது இரண்டு துளசிச் செடியோடு போனார்கள்.

எத்தனையோ செடி விற்றிருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் என்னை நின்று பார்க்க வைக்கிற செடி ஒன்றுதான். நிறம் மாறும் செம்பருத்தி. செம்பருத்திக்குச் சொந்தம்தான் என்றாலும் இலை பூசணி இலை மாதிரி அகலமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளரும். பூ காலையில் விரியும்போது சுண்ணாம்பு வெள்ளை. மத்தியானம் ரோஸ். சாயங்காலம் நல்ல சிவப்பு. மறுநாள் சுருண்டு விழுந்துவிடும். மழைக்காலம் முழுக்க இப்படி ஆட்டம் காட்டிவிட்டு, பனி முடிகிற சமயத்தில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். இலையே இல்லாத குச்சிக்குத் தினம் தண்ணீர் ஊற்றி, பக்கத்து வீட்டார் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி. கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மொட்டை மாடிச் சண்டை

மாரீஸ்வரிக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம், இசக்கிக்குத் தென்காசிப் பக்கம். இரண்டு பேரும் படப்பையில் ஒரே ரூமில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரே கம்பெனி, ஆனால் வேறு வேறு லைன், வேறு வேறு ஷிப்ட். மாரீஸ்வரி விடியற்காலை பஸ் ஏறிப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அவள் வருவதற்குள் இசக்கி மத்தியான பஸ்ஸில் கிளம்பியிருப்பாள். என்னிடம் மொட்டோடு ஒரு தொட்டி வாங்கிப் போய் மொட்டை மாடியில் வைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு பேரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். "யக்கா, நீங்க குடுத்தது வெள்ளப் பூச் செடியா, செவப்புப் பூச் செடியா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் இசக்கி. காலையில் துணி காயப்போட மாடிக்குப் போகிறவள் அவள். வெள்ளைப் பூ பார்க்கிறாள். சாயங்காலம் அதே துணியை எடுக்கப் போகிறவள் மாரீஸ்வரி. சிவப்புப் பூ பார்க்கிறாள். போனில் போட்டோ அனுப்பியும் சண்டை தீரவில்லை. "இவ நெட்டுல இருந்து எடுத்து அனுப்புதாக்கா, என்னையக் கோட்டியாக்கப் பாக்கா" என்றாள் இசக்கி. "நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? செவப்புன்னா செவப்புத்தான்" என்றாள் மாரீஸ்வரி.

"இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஓ.டி. இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். "அப்ப நேரா ரூமுக்குப் போங்க. மாடியில செடிக்குப் பக்கத்துல உக்காருங்க. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி வந்தார்கள். நான் அனுப்பிய அன்றைக்கு ஒரு சேலையைக் கொடியில் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு, சோற்றையும் மாடிக்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டார்களாம். பத்து மணி வரை ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றுக்கு இதழ் ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு கீற்று. "எப்ப மாறுதுன்னு கண்ணக் கொட்டாமப் பாத்தோம்கா. மாறும்போது தெரியல, மாறின பொறவுதான் தெரியுது" என்றாள் இசக்கி. மாரீஸ்வரி சொன்னாள்: "ஒரு வருசமா ஒரே ரூம்ல இருக்கோம். ரெண்டு பேரும் சேந்து ஒரு பகல முழுசாப் பாத்தது அன்னைக்குத்தாங்கா."

ஷேடு கார்டு

பாஸ்கரன் சாருக்கு ஒரு வாகனக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை. வரிசையாக வருகிற வண்டிகளின் நிறம் ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர். படப்பையில் புதுப் பிளாட்டில் வீடு கட்டி, வாசலுக்குச் செடி கேட்டு வந்தார். பூ நிறம் மாறும் என்று நான் சொன்னதும் சிரித்தார். "வெயில்ல வெளுக்கும் மேடம், அதைச் சொல்றீங்க" என்றார். வெளுக்காது சார், ஏறும் என்றேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பெயிண்ட் நிறங்களைப் பட்டை பட்டையாக நம்பர் போட்டு அச்சடித்த, விசிறி மாதிரி விரிகிற ஒரு ஷேடு கார்டோடு வந்துவிட்டார். ஒவ்வொரு பட்டையாகப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து நோட்டில் நம்பர் எழுதினார். பதினோரு மணிக்கு ஒரு தரம், ஒரு மணிக்கு ஒரு தரம், மூன்றுக்கு, ஐந்துக்கு. நடுவில் என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். கடைசித் தரம் கார்டை மடித்தபோது கையை எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி நின்றார்.

ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டார். சூடு ஏற ஏற நிறம் ஏறும் சார், குளிர்ந்தால் மெதுவாகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. செடியை வாங்கிப் போய், முதல் பூக்கள் விரிந்த அன்றைக்கே காலையில் இரண்டைப் பறித்தார். ஒன்றைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார், இன்னொன்றை அதே மாதிரி கிண்ணத்தில் ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். சாயங்காலம் மேசைமேல் இருந்தது சிவந்துவிட்டது. ஃபிரிட்ஜில் இருந்தது காலையில் வைத்த வெள்ளையிலேயே இருந்தது. அதை வெளியே எடுத்து வைத்தால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக ரோஸ் ஆக ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்வது மாதிரி. இதையெல்லாம் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். நானே அதுவரை பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பத்தொம்போது வருஷமா கலர் மாறாமப் பாத்துக்கறதுக்குத்தான் மேடம் எனக்குச் சம்பளம் தராங்க. இது மாறறதைப் பாக்க நான் லீவு போட்டேன்."

தலைகீழாக நட்ட எட்டு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மாமா வருவார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிற கைங்கரியம். எந்தச் செடியைக் காட்டினாலும் முதலில் பூவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். இந்தப் பூவையும் மோந்தார். "ஒரு வாசனையும் இல்லையே, இதை எங்கே கொண்டுபோய்ச் சாத்தறது?" என்று வைத்துவிட்டார். ஆனாலும் போகிறபோது, வீட்டுக் கொல்லைக்கு இருக்கட்டும் என்று எட்டுக் குச்சி மட்டும் கேட்டு வாங்கினார். இந்தச் செடிக்கு விதையைத் தேடிப் போக வேண்டாம். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்துக்கு, நாலு கணு இருக்கிற குச்சி போதும். மழை பிடிக்கிற சமயத்தில் மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து பாதிக் குச்சி உள்ளே போகிற மாதிரி நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் வேர் விட்டுவிடும்.

ஒரு மாதம் கழித்து வந்து எட்டும் அழுகிவிட்டது என்றார். எப்படி நட்டீர்கள் என்று கேட்டேன். தட்டையான முனை மேலே இருந்தால் மழைத் தண்ணீர் தங்கி அழுகிவிடும் என்று எண்ணி, கூர் முனையை மேலே வைத்து நட்டிருக்கிறார். எல்லாமே தலைகீழ். தப்பு என் மேல்தான். கீழ் முனையைச் சாய்வாகவும் மேல் முனையை நேராகவும் வெட்டுவதே எது கால் எது தலை என்று தெரிவதற்காகத்தான். அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். வேறு எட்டுக் குச்சி கொடுத்தேன். மழைக்காலம் தாண்டி, அடுத்த மழைக்காலமும் வந்து, ஒருநாள் வேட்டியை மடித்துக்கொண்டு அவசரமாகக் கடைக்குள் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "வாசனை இல்லேன்னு குறையாச் சொன்னேனே அம்மா. பெருமாளாட்டம் காலம்பற ஒரு திருக்கோலம், உச்சியில ஒண்ணு, சாயரட்சைக்கு ஒண்ணுன்னு ஒரே நாள்ல மூணு தரம்னா சேவை சாதிக்கறது!"

புயல் அன்றைக்கு

ஏழுமலை அண்ணனைச் சொல்லாமல் என் கடையைச் சொல்ல முடியாது. வடக்குப்பட்டுக்காரர், கடையில் என்னோடு வேலை பார்ப்பவர். அவர் கை வைக்காத தொட்டி என் கடையில் கிடையாது. ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் சூரியனே இல்லை, சாலையில் கம்பெனி பஸ் ஒன்றுகூட ஓடவில்லை, எல்லாக் கம்பெனிக்கும் லீவு. சாயங்காலம் நான் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு செடிகளைப் பார்க்கப் போனேன். மற்ற நாளில் அந்த நேரத்துக்குச் சிவந்திருக்க வேண்டிய பூக்கள் அத்தனையும் காலையில் விரிந்த வெள்ளையிலேயே நின்றன. கொட்டுகிற மழையில், அரை இருட்டில், புதர் முழுக்க வெள்ளை. குளிரில் நிறம் ஏறாது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கண்ணால் பார்க்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. என்ன ஆச்சரியம் பாருங்கண்ணா என்று கூப்பிட்டேன். ஏழுமலை அண்ணன் தொட்டிகளில் தேங்கின தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கம்பெனியே லீவு உட்டுட்டான், பூ மட்டும் இன்னாத்துக்குமா டூட்டி பாக்கணும்?"

ஜன்னல் ஓரம்

ஒரு புரட்டாசியில் சரவணன் என்று ஒருவர் வந்தார். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வீடு மண்ணூரில். யூனிஃபார்மோடு நேரே கடைக்கு வந்திருந்தார். "அக்கா, நாள் பூரா ஏதாச்சும் மாறிக்கினே இருக்கற மாதிரி செடி இருக்குதா?" என்று கேட்டார். அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. விசாரித்தபோது சொன்னார். அவர் மனைவி கவிதா வேலைக்குப் போகிற வழியில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி ஆறு வாரமாகப் படுக்கை. இவர் வேலைக்குப் போய்த் திரும்புகிற வரை அவள் ஜன்னலைப் பார்த்தபடி கிடக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். "செவுத்த எவ்ளோ நேரம்கா பாப்பா?" என்றார். மொட்டு நிறைய இருந்த ஒரு தொட்டியை எடுத்துக் கொடுத்தேன். காலை வெயில் ஐந்தாறு மணி நேரமாவது விழ வேண்டும், தண்ணீர் தாராளமாக ஊற்ற வேண்டும், வெளியிலிருந்து ஜன்னல் கம்பிக்கு நேராக முட்டுக் கொடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார். செடி முழுக்க வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதாம். எனக்குத் தெரிந்துவிட்டது, மாவுப்பூச்சி. இந்தச் செடியைப் பிடித்த சனியன் அது ஒன்றுதான். விட்டால் இரண்டு வாரத்தில் மொட்டுகளையெல்லாம் கருக வைத்துவிடும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்ணூருக்கே போனேன். நான் போனபோது கட்டிலில் படுத்தபடியே கவிதா ஒரு பழைய டூத் பிரஷ்ஷைக் கையில் வைத்திருந்தாள். கம்பி வழியாக ஒரு கிளை உள்ளே வளைத்துக் கட்டியிருந்தது. சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தோய்த்து இலையின் அடியில் ஒவ்வொரு பூச்சியாகத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். தினம் ஒரு கிளையாம். நான் செய்வதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. கொஞ்சம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். பேச்சுக்கு நடுவில், "மணி ரெண்டேகால் இருக்கும்கா, சாப்ட்டீங்களா?" என்றாள். அறையில் கடிகாரம் இல்லை. நான் போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இருபது. பூவைக் காட்டிச் சிரித்தாள்.

அன்றைக்கு வார லீவில் வீட்டில் இருந்த சரவணன் அப்போதுதான் சொன்னார். பிசியோதெரபி செய்ய வந்தவர் எவ்வளவு சொல்லியும் கவிதா எழுந்து உட்காரவே மாட்டேன் என்றிருந்தாளாம். வலி ஒரு பக்கம், மறுபடி ஒடிந்துவிடுமோ என்கிற பயம் ஒரு பக்கம். போன வாரம் ஒரு பூ ஜன்னல் கட்டைக்குக் கீழே விரிந்திருக்கிறது. படுத்த இடத்திலிருந்து இதழின் நுனி மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், கவிதா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம். பயமாக இல்லையா என்று கேட்டேன். பிரஷ்ஷை உதறிவிட்டுக் கவிதா சொன்னாள்: "பயமாத்தான்கா இருந்துச்சு. ஆனா அது செவந்து முடிக்கறதுக்குள்ள பாத்துடணும்ன்ற அவசரம் அதவிடப் பெருசா இருந்துச்சு."

ஷட்டவுன்

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கேட்டிலிருந்து ஆபீஸ் வரை இரண்டு பக்கமும் இதையே நாற்பது செடி வைத்துக் கொடுத்தோம். பராமரிப்பும் எங்கள் பொறுப்பு. மழைக்காலம் முழுவதும் அந்த அட்மின் அதிகாரிக்குப் பெருமை பிடிபடவில்லை. தை முடிந்தது. இலை உதிர்ந்தது. வழக்கம்போல முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் தொழு உரம் போட்டு, தண்ணீரைக் குறைத்தோம். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் இந்த வெட்டு அவசியம். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் வருவதாகத் தகவல். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மேடம், கேட்டுலேர்ந்து ஆபீஸ் வரைக்கும் விறகு நட்டு வெச்ச மாதிரி இருக்கு. சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிட்டுக் குரோட்டன்ஸ் வைங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். என் கடைக்கு மாதாமாதம் நிலையாக இருந்தது அந்த ஒரு வேலைதான்.

ஏழுமலை அண்ணன் முதல் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டில் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறினார். சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை பளிச்சென்று தெரிந்தது. "இன்னா சார், செத்தது பச்சையா இருக்குமா?" என்றார். அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த செடிக்குப் போய்த் தானே கீறிப் பார்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, உச்சி வெயில். நாற்பது செடியையும் ஒன்று விடாமல் உட்கார்ந்து கீறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். விரல் நகம் முழுக்கப் பச்சை. கடைசியில் ஒன்றையும் பிடுங்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது மாட்டுகிற 'ஷட்டவுன் மெயின்டனன்ஸ்' பலகை ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் ஊன்றினார். வந்த வெளிநாட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்து, தானும் ஒரு தண்டைக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். ஏன் சார் மனசு மாறினீர்கள் என்று பிறகு கேட்டேன். "மெஷினுக்கு வருஷத்துக்கு ஒரு ஷட்டவுன் விடறோம். உள்ளுக்குள்ள இவ்வளவு ஓடிட்டிருக்கற செடிக்கு விட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல மேடம்."

பொக்லைனில் ஏறிய புதர்

போன வருஷம் என் கடை இருந்த நிலத்தைச் சொந்தக்காரர் ஒரு கிடங்குக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். ஒரு மாதம் அவகாசம். வடக்குப்பட்டில் ஏழுமலை அண்ணன் வேறு இடம் பிடித்துக் கொடுத்தார். தொட்டிகள் எல்லாம் வண்டி ஏறிவிட்டன. மிச்சம் இருந்தது தாய்ச்செடி. நான் அந்த நிலத்துக்கு வரும்போதே வேலி ஓரம் நின்ற புதர் அது. யார் வைத்ததென்று ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் நான் விற்ற நிறம் மாறும் செம்பருத்தி அத்தனையும் அதன் குச்சிதான். நல்ல வேளையாக மாசி மாதம், இலை இல்லாத சமயம். இந்தச் செடியை இடம் மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். சுற்றிப் பள்ளம் பறித்து, வேர்ப்பந்தை ஈரக் கோணியால் கட்டினோம். நிலத்தைச் சமன் செய்ய வந்திருந்த பொக்லைன் ஓட்டுநர் முனியப்பன், தர்மபுரிப் பக்கத்து ஆள், "நான் தூக்கித் தரேன்கா" என்று தானாக முன்வந்தார். அவ்வளவு பெரிய இரும்புக் கையை முட்டையை எடுப்பது மாதிரி இறக்கினார். பாதி உயரம் தூக்கியபோது கோணி கிழிந்து மண்ணில் பாதி பொலபொலவென்று கொட்டிவிட்டது. வேர் அறுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முனியப்பன் வண்டியை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

இருந்ததை எடுத்துக்கொண்டுபோய் நட்டோம். பங்குனி போனது. சித்திரை பாதி போனது. தண்டு கருத்துச் சுருங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பொறுமை சொன்ன நான், அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்று வேறு வழியாகச் சுற்றிப் போனேன். ஒருநாள், இன்றைக்கு எடுத்து எறிந்துவிடுவது என்று முடிவு செய்து நானே மண்வெட்டியோடு போனேன். தண்டுக்கு ஒரு சாண் தள்ளி மண் லேசாக வெடித்திருந்தது. குனிந்து பார்த்தேன். செத்துப்போன தண்டில் இல்லை. வேரிலிருந்து, மண்ணைப் பிளந்துகொண்டு, மூன்று முளை. மடித்த குழந்தைக் கை மாதிரி மூன்று இலைச்சுருள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை அண்ணன் வந்து பார்த்தார். எப்போதும் ஏதாவது ஒன்று சொல்கிறவர், அன்றைக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முனியப்பனுக்குப் போன் போட்டோம். பக்கத்துச் சைட்டில் வேலையை நிறுத்திவிட்டு வந்து, முளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எத்தனையோ ஆயிரம் லோடு தோண்டி எடுத்திருக்கேன்கா. நான் தோண்டினது ஒண்ணு திரும்ப மொளைச்சு இப்பதான் பாக்கறேன்."

ஆக மொத்தம், செடி வளர்க்கத் தெரியும் என்று பலகை மாட்டிக்கொண்டு பதினொரு வருஷமாக நான் உருப்படியாகச் செய்த வேலை, அது பாட்டுக்கு வளர்வதைப் பக்கத்தில் நின்று வாய் பிளந்து பார்த்ததுதான்.